உருளை நின்ற நேரம்

பூங்குழலி: அக்கா, அந்த ஓஸ் பைப்ப மிதிக்காதீங்க... தாண்டி இந்தப் பக்கமா வாங்க. வழுக்கும்.

மீனம்பாள்: மிதிக்கல மேடம். போலீசுக்காரருதான் இங்க போயி நில்லுன்னாரு.

பூங்குழலி: வேடிக்க பாக்குறவங்கள்லாம் கரை மேல நிக்கணும்க்கா. இங்க மெஷின் ஓடுது.

மீனம்பாள்: வேடிக்க பாக்க வரல மேடம். ஏரியில வுழுந்த எண்ணெ லாரிய ஓட்னவரு... நான் அவரு ஊட்டுக்காரி.

பூங்குழலி: ...அய்யோ. தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, எனக்கு யாரும் சொல்லல. ஒக்காருங்க. இந்தப் பொட்டி மேலயே ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

மீனம்பாள்: வேணாம்.

பூங்குழலி: காலையிலேருந்து ஏதாவது சாப்டீங்களா?

மீனம்பாள்: எறங்கல மேடம்.

பூங்குழலி: மேடமெல்லாம் வேணாம்க்கா. பூங்குழலின்னே கூப்புடுங்க. எண்ணூர்லேருந்து இந்த மெஷினோட வந்திருக்கேன். உங்க பேரு?

மீனம்பாள்: மீனம்பாள். அவரு வீரமணி. அவலூர்பேட்ட பக்கம் எங்க ஊரு... அந்தச் சுத்துறது இன்னாம்மா?

பூங்குழலி: அதான் எண்ணெய எடுக்குது. அந்த உருளையில எண்ணெ ஒட்டும், தண்ணி ஒட்டாது. மேல சுத்தி வர்றப்ப பிளேடு வழிச்சு விட்டுடும்... தோசக்கல்லு சுரண்டுற மாதிரி. அப்புறம் இந்த ஓஸு வழியா கரையில நிக்கிற டேங்குக்குப் போயிடும்.

மீனம்பாள்: அந்த ஆரஞ்சு கலரு... பாம்பு மாதிரி மெதக்குதே?

பூங்குழலி: அது வேலி. மேல மெதக்கும், அடியில ஒரு முழம் துணி தொங்கும். எங்க பசங்க அதுக்குப் பாவாடன்னு பேரு வெச்சிருக்கானுங்க. எண்ணெ மதகுப் பக்கம் போவாம அதான் மறிச்சுகினு நிக்குது.

மீனம்பாள்: ரப்பரு டிரஸ்ஸுல ஒரு தம்பி நிக்கிறாரே... அவரும் உங்க ஆளா?

பூங்குழலி: இல்ல, அவரு தங்கராஜ். தீயணைப்புல தண்ணிக்குள்ள முங்குறவரு. நாங்க லாரி கேபினுக்கு மேல இருக்குற எண்ணெய வெலக்கிக் குடுத்தா எறங்கிடுவாரு. இப்ப எறங்கினா கண்ணாடி மேல கருப்பா அப்பிக்கும். கைய நீட்டினா கை தெரியாது.

மீனம்பாள்: வெலக்க எவ்ளோ நேரம் ஆவும்?

பூங்குழலி: சீக்கிரம் ஆயிடும்க்கா. நீங்க கவலப்...

மீனம்பாள்: மெதுவா ஆவட்டும்.

பூங்குழலி: ...இன்னாக்கா?

மீனம்பாள்: இல்ல... அவசரப்பட்டு ஓட்டினா மெஷினு கெட்டுடப் போவுதுன்னு சொன்னேன்.

அரிகிருஷ்ணன்: மேடம்! இன்னா நெலவரம்? எங்க தங்கராஜ் எப்ப எறங்கறதுன்னு கேட்டுகினே இருக்கான்.

பூங்குழலி: பாதி வெலகிடுச்சு சார். ஆகாயத்தாமர வேற வந்து வந்து அடைக்குது. இன்னும் கொஞ்சம்.

அரிகிருஷ்ணன்: மலைக்கோட்டைக்குப் பின்னால வானத்தப் பாருங்க, எப்படிக் கறுத்துகினு வருதுன்னு. மழ புடிச்சா எல்லாம் போச்சு. அதோட, லாரி காலையில இருந்த எடத்துல இல்ல மேடம். கயிறு கட்டி வெச்சிருக்கோம்ல... அது இழுபட்டுகினே போவுது.

பூங்குழலி: சேத்துல சரியுதா?

அரிகிருஷ்ணன்: கொஞ்சம் கொஞ்சமா. புரண்டுச்சுன்னா அடியில இருக்குறவன் கதி அவ்ளோதான்.

பூங்குழலி: அப்ப இதுல ஒருத்தர எறக்குறது...

அரிகிருஷ்ணன்: பயமாத்தான் இருக்குது. மொத்தக் கரையும் என்னப் பாத்துகினு நிக்குது. உள்ள ஒரு ஆளு கெடக்குறான்னு தெரிஞ்சும் நான் எப்படி மேடம் சும்மா நிக்கிறது? ...யாரும்மா நீ? இங்கல்லாம் நிக்கக் கூடாது.

பூங்குழலி: சார்... டிரைவரு வீட்டம்மா.

அரிகிருஷ்ணன்: ...சரி சரி. இரும்மா, எழுந்துக்காத. நான் அரிகிருஷ்ணன், தீயணைப்பு டேஷன் ஆபீசரு. எடுக்காம போவ மாட்டோம். தைரியமா இரு.

மீனம்பாள்: சார்... அந்தத் தம்பிக்குக் காது வலின்னு பேசிக்கினாங்க.

அரிகிருஷ்ணன்: தங்கராஜுக்கா? ஆமா. போன வாரம் ஒரு கெணத்துல எறங்கினான், அதுலேருந்து. வேற ஆளு விழுப்புரத்துலேருந்து வரட்டும்டான்னா கேக்க மாட்டேங்கறான்.

மீனம்பாள்: ஏன் சார்?

அரிகிருஷ்ணன்: ஒன்னக் காட்டித்தாம்மா சொல்றான். ‘அந்த அக்கா அழுவக்கூட இல்ல சார், கல்லு மாதிரி ஒக்காந்திருக்குது, பாக்க முடியல’ங்கறான்.

மீனம்பாள்: ...என்னையா?

அரிகிருஷ்ணன்: ஒன்னத்தான். மேடம், ரெடியானதும் ஒரு கொரல் குடுங்க. அங்கதான் இருப்பேன்.

பூங்குழலி: சரி சார்... அக்கா. அக்கா, இன்னா ஆச்சு?

மீனம்பாள்: ஒண்ணுமில்லம்மா. ...ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனக்கக் கூடாது.

பூங்குழலி: கேளுங்க.

மீனம்பாள்: இந்த எண்ணெய முழுங்கிட்டா இன்னா ஆவும்?

பூங்குழலி: யாரு முழுங்கினது?

மீனம்பாள்: எங்க... எங்க எருமதான். காலையில கட்டு அவுத்துகினு வந்து வாய் வெச்சுடுச்சு. அதுலேருந்து ஒரே இருமலு.

பூங்குழலி: அவலூர்பேட்டையிலேருந்தா வந்துச்சு?

மீனம்பாள்: இல்லம்மா, எங்க சொந்தக்காரங்க எரும. இங்கதான்... பக்கத்துல.

பூங்குழலி: வயித்துக்குள்ள போனாகூடப் பரவால்லக்கா. நெஞ்சுக்குள்ள போனாத்தான் கஷ்டம். வாந்தி மட்டும் எடுக்க வெக்கக் கூடாது. எடுத்தா திரும்பவும் மூச்சுக் கொழாயில பூந்துக்கும்.

மீனம்பாள்: உப்புத்தண்ணி குடுத்துட்டாங்களே...

பூங்குழலி: எருமைக்கா?

மீனம்பாள்: ...ஆமா. காய்ச்சலு வேற அனலா கொதிக்குதாம். தோள்பட்டைய அசைக்கவே முடியலன்னு...

பூங்குழலி: எரும சொல்லுச்சா?

மீனம்பாள்: ...இரும்மா, போனு அடிக்குது. ஹலோ... சொல்லு வெண்மதி... எத்தினி தடவ? ...ஒதடா? எந்த நெறத்துல? ...படுக்க வெக்காத. செவுத்துல சாச்சு ஒக்கார வெச்சு மெதுவா மூச்சு வுடச் சொல்லு. வாந்தி எடுக்க வெக்காதடி, இங்க சொல்றாங்க... இல்ல, வேணாம், யாரையும் கூப்டாத. நான் வர்ற வரைக்கும் கதவத் தெறக்காத. வெச்சுடு.

பூங்குழலி: யாருக்கா போன்ல?

மீனம்பாள்: தங்கச்சி. எருமைய அவதான் பாத்துக்கறா. ...ஏம்மா, இன்னா சத்தம் அது? சுத்துறது நின்னுடுச்சே!

பூங்குழலி: பிளேடுல எதுவோ மாட்டிகினுச்சு போல.

மீனம்பாள்: இப்ப இன்னா ஆவும்?

பூங்குழலி: சரி பண்ற வரைக்கும் நிக்கும். அது நின்னா யாரும் எறங்க முடியாது.

மீனம்பாள்: ...யாரும் எறங்க முடியாதா?

பூங்குழலி: முடியாது.

மீனம்பாள்: அப்பாடா... அது வந்து... மெதுவா பாரும்மா.

அரிகிருஷ்ணன்: மேடம்! இன்னா மேடம், நிறுத்திட்டீங்க?

பூங்குழலி: மாட்டிகினு இருக்குது சார். கழட்டிப் பாக்கணும்.

அரிகிருஷ்ணன்: இந்த நேரத்துலயா? எண்ணெ வேலிகிட்ட தடிச்சுகினே வருது, அடியில பூந்து அந்தாண்ட போயிடாதா?

பூங்குழலி: போவும் சார். பசங்கள மதகுகிட்டப் பஞ்சுத் தலகாணி போடச் சொல்லியிருக்கேன். அது உறிஞ்சிக்கும். கொஞ்ச நேரம் தாங்கும்.

அரிகிருஷ்ணன்: கொஞ்ச நேரம்னா?

பூங்குழலி: காத்து திரும்பாத வரைக்கும்.

அரிகிருஷ்ணன்: சீக்கிரம் பாருங்க மேடம், புண்ணியமா போவும். கரை மேல கூட்டம் சேருது. மதகுல கருப்பா ஒரு கோடு வந்தாலும் அவனுங்கள என்னால நிறுத்த முடியாது.

பூங்குழலி: பாக்கறேன் சார். ...போயிட்டாரு. அக்கா, அந்தக் கூட்டத்துல பச்சத் துண்டு போட்டுகினு, கையில கட்டையோட நிக்கிறாரு பாருங்க. தெரியுதா?

மீனம்பாள்: தெரியுது. காலையிலேருந்து அவருதான் சத்தம் போட்டுகினு இருக்காரு. யாரு அது?

பூங்குழலி: எங்க நைனா. விநாயகம்னு பேரு.

மீனம்பாள்: ...நீ இந்த ஊரா?

பூங்குழலி: சிங்கவரம். எங்க நெலமும் இந்த ஏரிப் பாசனந்தான். நெல்லு பாலு புடிக்கிற நேரம்.

மீனம்பாள்: நான் கெளம்பறேம்மா.

பூங்குழலி: எங்கக்கா?

மீனம்பாள்: எருமையப் பாக்கணும்.

பூங்குழலி: அக்கா, ஒக்காருங்க. ஒக்காருங்கன்றேன். நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. எருமையப் பத்தித்தானே பேசுறோம்... அதப் பத்தியே பேசுவோம். மூச்சு வாங்குதா அதுக்கு?

மீனம்பாள்: ...வாங்குது.

பூங்குழலி: ஒதடு?

மீனம்பாள்: நீலமா ஆவுதுன்றா.

பூங்குழலி: அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். நாளைக்கு, நாளான்னைக்குன்னு தள்ளுறது இல்ல இது. நெஞ்சுல எண்ணெ எறங்கினவங்கள நான் பாத்திருக்கேன். எண்ணூர்ல எங்ககூட வேல செஞ்ச ஒருத்தரு, சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் பேசிகினு இருந்தாரு.

மீனம்பாள்: அப்புறம்?

பூங்குழலி: ஆக்சிஜன் வெச்சதால பொழச்சாரு. வெக்கலன்னா இல்ல.

மீனம்பாள்: வெளிய கூட்டினு வந்தா அடிச்சே கொன்னுடுவாங்கம்மா.

பூங்குழலி: எருமையவா?

மீனம்பாள்: ஏரியக் கெடுத்த எருமைய ஊரு சும்மா வுடுமா? போன வருசம், ஆட்டு மேல ஏத்திட்டான்னு ஒரு வண்டிக்காரர மரத்துல கட்டி வெச்சாங்க. ஆட்டுக்கே அப்படி. இது எத்தினி பேரு வயிறு? அதுலயும் நாங்க யாருன்னு தெரிஞ்சா... ஒனக்குச் சொல்லணுமா அது?

பூங்குழலி: ...வேணாம்.

மீனம்பாள்: செத்துட்டான்னா பாவம்னு சொல்லுவாங்க. இந்தா, காலையிலேருந்து எனக்கு மூணு பேரு டீ வாங்கிக் குடுத்தாங்க, இதே கூட்டத்துல. உசுரோட இருக்கான்னா இவங்களே கட்டையத் தூக்குவாங்க.

பூங்குழலி: வேணும்னா பண்ணாரு? எப்படி விழுந்துச்சு வண்டி?

மீனம்பாள்: கரை வளைவுல எதுக்க ஒரு டிராக்டரு. லைட்டே இல்ல. அது மேல மோதக் கூடாதுன்னு ஒடிச்சாராம். ஒடிச்சதுதான் தெரியும்...

பூங்குழலி: உங்ககிட்ட எப்பச் சொன்னாரு?

மீனம்பாள்: நான்... எருமையப் பத்தித்தாம்மா சொன்னேன்.

பூங்குழலி: சரி. எரும சொல்லல. நானும் கேக்கல.

மீனம்பாள்: ஒங்க நைனாகிட்டச் சொல்லிடுவியா?

பூங்குழலி: நான் எதுக்கு சொல்லணும்? சொல்ல வேண்டியது நானில்லக்கா. அங்க பாருங்க... தங்கராஜ் மூஞ்சில கண்ணாடி மாட்றாரு.

மீனம்பாள்: ஏன்? மெஷினுதான் நின்னுடுச்சே! எறங்க முடியாதுன்னியே!

பூங்குழலி: எனக்கும் புரியல. சார்! சார், இன்னா பண்றீங்க?

அரிகிருஷ்ணன்: இனிமே காத்திருக்க முடியாது மேடம். கயிறு இன்னும் இழுபடுது. அவன் எறங்குறேங்கறான். தொட்டுப் பாத்தே கதவத் தேடிக்கறேங்கறான்.

பூங்குழலி: அந்த எண்ணெக்குள்ளயா? கண்ணு தெரியாதே சார்!

அரிகிருஷ்ணன்: தெரியாது. இடுப்புல கயிறு கட்டியிருக்கோம். ஒரு இழுப்பு இழுத்தா மேல தூக்கிடுவோம்.

பூங்குழலி: லாரி புரண்டா கயிறு இன்னா சார் பண்ணும்?

அரிகிருஷ்ணன்: அப்ப உங்க மெஷின ஓட்டுங்களேன்! நான் இன்னா ஆசைப்பட்டா எறக்கறேன்? அந்தம்மா மூஞ்சியப் பாத்துட்டு எவன் மேடம் கரையில நிப்பான்? டேய் தங்கராஜ், மொதல்ல கால மட்டும் வையிடா... மெதுவா... கைய வுடாத...

மீனம்பாள்: வேணாம்!

அரிகிருஷ்ணன்: நீ அந்தாண்ட போம்மா. மேடம், அவங்களப் புடிங்க.

மீனம்பாள்: சார், வேணாம் சார்! அந்தத் தம்பிய மேல ஏறச் சொல்லுங்க! அங்க யாரும் இல்ல சார்!

அரிகிருஷ்ணன்: இன்னாம்மா ஒளர்ற?

மீனம்பாள்: கேபின்ல யாரும் இல்ல. அவரு வெளிய வந்துட்டாரு. நீந்தி வந்துட்டாரு. சீயமங்கலத்துல என் தங்கச்சி ஊட்ல இருக்காரு. கால்ல வேணா வுழறேன் சார்... மொதல்ல அந்தத் தம்பியக் கரையேத்துங்க...

அரிகிருஷ்ணன்: தங்கராஜ்! ஏறு! ஏறுடா மேல! டேய், கயித்த இழுங்கடா அவன! ...ஏறிட்டானா? ...ம். ...ஏம்மா. ஏம்மா நீ மனுசிதானா? காலையிலேருந்து நான் அந்தப் பையன... காது சீழ் வெச்சுகினு இருக்குது அவனுக்கு! ஒன் புருசனுக்காகத் தண்ணியில நிக்கிறான்! நீ பொட்டி மேல ஒக்காந்துகினு பாத்துகினு இருக்கற!

பூங்குழலி: சார். அவரு எண்ணெய முழுங்கியிருக்காரு. ஒதடு நீலமாயிடுச்சு, தோள்பட்டையும் அசைக்க முடியல.

அரிகிருஷ்ணன்: இன்னாது?

பூங்குழலி: ஊரு அடிச்சிடும்னு பயந்துகினு கதவச் சாத்திகினு கெடக்குறாரு. திட்றத அப்புறம் திட்டலாம் சார்.

அரிகிருஷ்ணன்: ...உசுரோட இருக்கான்ல?

மீனம்பாள்: இருக்காரு சார்.

அரிகிருஷ்ணன்: எந்தத் தெரு? தங்கச்சி பேரு இன்னா? சொல்லும்மா சீக்கிரம்... ம், சரி. ஹலோ, 108ஆ? சீயமங்கலம்... கொகைக்கோயில் தாண்டி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால... ஆமா, மூச்சுத் திணறலு, தோள்பட்ட ஒடிஞ்சிருக்கலாம்... ஆக்சிஜன் இருக்குற வண்டியா அனுப்புங்க. நான் தீயணைப்பு டேஷன் ஆபீசரு பேசறேன்... ஆமா, ஒரு போலீசும் கூடப் போவட்டும். புடிக்க இல்லீங்க, காவலுக்கு.

மீனம்பாள்: சார்...

அரிகிருஷ்ணன்: ஒன் தங்கச்சிக்குப் போன் போட்டுக் கதவத் தெறக்கச் சொல்லு. போ. ...மேடம், கூட்டத்துக்கு இன்னா சொல்றது? இப்ப வெவரம் தெரிஞ்சா ரோட்டுலயே வண்டிய மறிப்பானுங்க.

பூங்குழலி: நான் பேசறேன் சார். ...நைனா? நான்தான். இங்கேருந்தேதான் பேசறேன், திரும்பிப் பாரு. கைய ஆட்டுறேன் பாரு. ...கட்டையக் கீழ போடு நைனா. சொல்றதக் கேளு. டிரைவரு உள்ள இல்ல... ஆமா, பொழச்சுட்டாரு. கத்தாத. கத்தாத நைனா, நான் முடிச்சுக்கறேன். எதுக்க லைட்டு இல்லாம ஒரு டிராக்டரு. அதுல இருந்தவனக் காப்பாத்தப் போயித்தான் ஏரியில விட்டாரு... நம்ம ஊரு டிராக்டராத்தான் இருக்கும், வேற யாரு அந்த வழியில வருவா? ...எண்ணெய முழுங்கிட்டுச் சாவக் கெடக்குறாரு. ஒங்க எல்லாருக்கும் பயந்துகினு. ...நெல்லு எனக்கும் தெரியும் நைனா. நெல்ல நான் பாத்துக்கறேன், நீ கூட்டத்தப் பாத்துக்க.

அரிகிருஷ்ணன்: இன்னா சொன்னாரு?

பூங்குழலி: மொதல்ல கத்தினாரு சார். அப்புறம், ‘அந்தாளுக்குப் புள்ளைங்க இருக்குதா’ன்னு கேட்டாரு.

அரிகிருஷ்ணன்: நீங்க?

பூங்குழலி: எனக்குத் தெரியல சார். அக்கா, இருக்குதா?

மீனம்பாள்: ரெண்டு பொண்ணு.

பூங்குழலி: கட்டையக் கீழ வெச்சுட்டாரு பாருங்க. மத்தவங்ககிட்டப் பேசுறாரு. ரெண்டு பேரு மொறைக்கிறாங்க... பேசட்டும். எங்க நைனா ஒண்ணு சொன்னா அந்தத் தெரு கேக்கும்.

அரிகிருஷ்ணன்: நானும் போறேன் அவருகூட. எதுக்கும் பக்கத்துல நிக்கிறேன். ...ஏம்மா.

மீனம்பாள்: சார்.

அரிகிருஷ்ணன்: தங்கராஜ் கேட்டான், ‘அந்த அக்கா ஏன் சார் கத்துச்சு’ன்னு. சொன்னேன்.

மீனம்பாள்: என்னத் திட்டினாரா?

அரிகிருஷ்ணன்: சிரிக்கிறான் மடையன். ‘நல்லவேள சார், எனக்கும் உள்ளுக்குள்ள ஒதறலுதான்’ங்கறான். நான் வரேன்.

பூங்குழலி: அக்கா, போனு அடிக்குது. எடுங்க.

மீனம்பாள்: வெண்மதி... வந்துடுச்சா? ...ஏத்திட்டாங்களா? ...மூஞ்சில வெச்சுட்டாங்களா? யாரும் தடுக்கலல்ல? ...நீ கூடப் போ. பொண்ணுங்கள நான் பாத்துக்கறேன். திருவண்ணாமலைக்கா... சரி. கண்ணத் தெறந்தாரா? ...இன்னான்னு கேட்டாரு? ...யாரும் எறங்கல, யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னு சொல்லு. சொல்லுடி, அவரு காதுல வுழற மாதிரி சொல்லு.

பூங்குழலி: அழுவுங்கக்கா. இப்ப அழுவலாம்.

மீனம்பாள்: ...ஒன் மெஷினு சுத்துது.

பூங்குழலி: ம்.

மீனம்பாள்: நீ எதையும் கழட்டலியே. கிட்டக் கூடப் போவலியே... எப்படிம்மா தானா சரியாச்சு?

பூங்குழலி: பிளேடுல ஒண்ணும் மாட்டலக்கா, நீங்க போன்ல பேசினப்பவே நான்தான் இந்த சுவிட்சுல கைய வெச்சு நிறுத்தினேன். நான் நெனச்சது தப்பா இருந்து அவரு உள்ள இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு தெரியல... நீங்க வாயத் தெறக்குற வரைக்கும், எண்ணெ எங்க நைனா நெலத்தப் பாத்துப் போறதப் பாத்துகினேதான் நின்னேன்.